வேலியில்லாத நாக்கு

மருந்துக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் நாக்கக்கா. வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். கோபப்பட அதில் என்ன இருக்கிறது? அந்த நாக்கை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

குழந்தைகளுக்கான இருமல் மருந்தும் காய்ச்சல் மருந்தும் தயாரிக்கிற கம்பெனி அது. மருந்தென்றால் கசக்கும். கசந்தால் குழந்தை துப்பும், தாய்க்காரி அடுத்த முறை வேறு கம்பெனி மருந்தை வாங்கிவிடுவாள். அதனால் எவ்வளவு இனிப்பு போடலாம், எந்தப் பழத்தின் வாசனை சேர்க்கலாம் என்று கெமிஸ்டுகள் கலந்து கலந்து அனுப்புவார்கள். அதை வாயில் வைத்துப் பார்த்து, கசப்பு மறைந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு சிறு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் கடைசி வார்த்தை அவளுடையது. மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கி "பரவாயில்ல" என்று சொல்கிற இடத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

சுவை பார்க்கும் அறையில் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். மருந்தின் நிறத்தைப் பார்த்து மனசு ஏமாந்துவிடக் கூடாது என்று உள்ளே சிவப்பு பல்பு. மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், துப்புவதற்கு ஒரு குவளை. வாசனை சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது, காப்பி குடித்துவிட்டு வரக் கூடாது என்று ஆயிரம் விதிகள். எல்லாவற்றுக்கும் மேலான விதி, விழுங்கக் கூடாது. நாக்கில் விட வேண்டும், ஒரு சுற்று சுற்ற வேண்டும், துப்பிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுகூட அவள் தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பிறவியில் வந்த நாக்கை ஏதோ தானே படித்துப் பாஸ் பண்ணி வாங்கின மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

வீட்டில் அவளும் அம்மாவும்தான். கல்யாணம் தள்ளிப் போய், தள்ளிப் போய், கடைசியில் நின்றே போய்விட்டது. தம்பி ஒருவன் இருந்தான். பட்டறையில் வெல்டர். கை நல்ல கை என்று சொல்வார்கள், குடிக்காத நாட்களில். இப்போது மூன்று மாதமாகக் குடியை விடுவதற்கான இல்லத்தில் இருந்தான். வெள்ளிக்கிழமை வெளியே விடப் போகிறார்கள். வீட்டிலிருந்து யாராவது வந்து அழைத்துப் போனால் நல்லது என்று வார்டன் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். போவதா வேண்டாமா என்பதுதான் அந்த வாரம் முழுக்க அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. போனால் அவன் வீட்டுக்கு வருவான். போகாவிட்டால் அவனுக்குப் போக்கிடம் பட்டறைதான். அந்தப் பட்டறைக்குப் பின்னால் சாயங்காலமானால் பாட்டில் திறக்காத நாளே கிடையாது.

அழைத்து வருவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் இன்று நேற்று தொடங்கியதல்ல.

அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அப்பா பாட்டிலைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு அன்று என்ன குஷியோ, பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி அவளுக்கு நீட்டினார். நாக்கில் பட்டதுதான் தாமதம், வீடே அதிரும்படி அழுது, சுவரெல்லாம் துப்பி வைத்தாள். அடுத்த மூடி தம்பிக்கு. அப்போது அவன் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயசு. அவன் உதட்டை நக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றான்.

சாயங்காலம் அம்மா வந்ததும் சுவரைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். அப்பாவைத் திட்டித் தீர்த்த பிறகு தம்பியை நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்தாள். "அப்படியே அப்பன்" என்றாள். அவ்வளவுதான், முத்திரை குத்தியாகிவிட்டது. அடுத்த வருஷமே அப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்துப் போனார். போன மனுஷன் மேல் இருந்த கோபத்தையெல்லாம் வைக்க அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. தம்பி பென்சிலைத் தொலைத்தால் அப்பன் புத்தி. கணக்கில் தோற்றால் அப்பன் மண்டை. அவளை மட்டும், "இது என் ரத்தம், வாயில வச்சதுமே துப்பிடுச்சு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அவளைப் படிக்க வைத்தார்கள். தம்பியைப் பட்டறையில் விட்டார்கள். இத்தனைக்கும் அவன் நிஜமாகக் குடிக்கத் தொடங்கியது மீசை நன்றாக முளைத்து ரொம்ப நாள் கழித்துத்தான்.

அந்த வாரம் கம்பெனியில் புதிதாக ஆள் எடுக்க வேண்டியிருந்தது. சுவை பார்க்க வருகிறவர்களை எப்படிப் பொறுக்குவது என்று காட்ட, புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் பெண் ஒரு டப்பா நிறைய மெல்லிய காகிதத் துண்டுகளைக் கொண்டு வந்தாள். சிரித்த முகமுள்ள பெண். வேலைக்கு வந்த நாளிலிருந்து நாக்கக்காவிடம் தனிப் பிரியம்.

"அக்கா, ஒண்ண நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தாள். அடுத்த நொடி துப்புகிற குவளையைத் தேடி ஓடினாள். வாயைக் கழுவி, பிஸ்கட் தின்று, மறுபடி கழுவியும் போகவில்லை.

"என்னத்தடி தடவி வச்சிருக்க இதுல? உயிரே போயிடுச்சு."

"எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா," என்று அந்தப் பெண் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, சாவகாசமாக மென்றுகொண்டே சொன்னாள். "வெறும் காகிதம்."

"விளையாடாத."

"சத்தியமாக்கா. சிலருக்கு இது விஷமா கசக்கும், சிலருக்கு லேசா, சிலருக்கு சுத்தமா தெரியாது. பொறக்கும்போதே வர்றது. அப்பா அம்மா வழியா வரும். உங்கள மாதிரி ஆளுங்களுக்குக் கடுங்காப்பி, சரக்கு எல்லாம் பெரும்பாலும் ஆகாது. வாய்ல வச்சா எரியும், கசக்கும், துப்பத் தோணும். அது ஒரு வேலி மாதிரி."

அவள் கை அப்படியே நின்றது. "தெரியாதவங்களுக்கு?"

"அவங்களுக்கு அந்த வேலி இல்ல. அவ்வளவுதான். அதுக்காக அவங்கல்லாம் குடிப்பாங்கன்னு அர்த்தம் இல்லக்கா. என்னையே பாருங்களேன், நான் என்ன குடிச்சிட்டா வரேன்? ஒரு மனுஷன் குடிக்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நாக்கு அதுல ஒரு மூலையில..."

அந்தப் பெண் இன்னும் என்னென்னவோ சொன்னாள். நம் ஆள் காதில் எங்கே விழுந்தது? வேலி இல்லை என்ற வார்த்தையோடு அவள் கிளம்பிவிட்டாள். இத்தனை வருஷமாக அம்மா வாய்க்கு வந்தபடி சொன்னதற்கு இன்று படித்தவள் ஒருத்தி சாட்சி சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. போகும்போது இரண்டு காகிதத்தைக் கேட்டு வாங்கி, பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் இல்லத்துக்குப் போனாள். தரை துடைக்கிற மருந்து நெடி அவள் மூக்கைப் பிடித்து உலுக்கியது. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தம்பி வந்தான். முகம் மழித்து, தலையை ஈரத்தோடு படிய வாரியிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. ஆனால் கண் தெளிந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

உட்காருவதற்கு முன்பே வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாரு."

"என்னடா?"

"நல்லாப் பாரு. ஆடல."

உண்மைதான். கை கல்லாட்டம் நின்றது. ஒரு காலத்தில் அந்தக் கையில் தண்ணீர் தம்ளரைக் கொடுத்தால் பாதி தரையில் இருக்கும்.

"இப்ப ஒரு தகடு குடு, கோடு போட்ட மாதிரி பத்த வைப்பேன்," என்றான். "மேல் ரூம் ஜன்னல் கொண்டி கழண்டு தொங்குச்சே, யாராவது சரி பண்ணாங்களா?"

"கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கோம்."

"கயிறா? நல்ல குடும்பம் போ. நாளைக்கு வந்ததும் மொத வேலை அதுதான்."

நாளைக்கு வந்ததும் என்றான். அவள் பர்ஸைத் திறந்து காகிதத்தை எடுத்தாள்.

"இத வாய்ல போடு."

"இங்க வந்தும் உன் ஆபீஸ் வேலையா?" என்று சிரித்தபடியே வாங்கிப் போட்டுக்கொண்டான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்குகிறதா, உதடு கோணுகிறதா, ஏதாவது ஒன்று, கொஞ்சமாவது. அவன் மாடு அசை போடுகிற மாதிரி மென்றான்.

"என்ன தெரியுது?"

"என்ன தெரியணும்? காகிதம். ஒரு சிட்டிகை உப்பாவது போட்டிருக்கலாம்."

அவளுக்கு ஒரு பக்கம் இடிந்துபோனது. இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கக்கேடு, நிம்மதியாகவும் இருந்தது. இனி யார் மேலும் கோபப்பட வேண்டாம். அவன் மேல்கூட வேண்டாம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாக, தன் வாழ்க்கையிலேயே செய்த பெரிய கொடுமையை அவள் அப்போது செய்தாள்.

"இது உன் தப்பு இல்லடா," என்றாள். "இத்தன நாள் உன்னைத் திட்டினதெல்லாம் பாவம். எனக்கு இந்தக் காகிதம் விஷமா கசக்குது. உனக்கு ஒண்ணுமே இல்ல. நாக்கே அப்படி. பொறக்கும்போதே அப்பா நாக்கு வந்துடுச்சு. எனக்கெல்லாம் ஒரு வேலி போட்டு அனுப்பிட்டாங்க, உனக்குப் போடவே இல்ல. நீ எவ்வளவுதான் முட்டி மோதினாலும் அது திரும்ப இழுத்துட்டுப் போயிடும். நீ என்ன பண்ணுவ?"

அவன் மெல்வதை நிறுத்தினான். மென்ற காகிதத்தை விரலில் எடுத்துப் பார்த்தான்.

"இழுத்துட்டுப் போயிடுமா?"

"உன் கைல இல்லடா அது."

"அப்போ இந்த மூணு மாசம்?"

அவள் அதைக் கேட்காத மாதிரி, சொல்ல வந்த மற்றதைச் சொன்னாள். அம்மாவுக்கு இன்னொரு தடவை தாங்காது. இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்தால் என்ன? நாளைக்கு மேல் இங்கே இடமில்லை என்று அவன் சொன்னான். அப்படியானால் பட்டறைக்காரரிடம் கேட்டுப் பார் என்றாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டறையில் சாயங்காலம் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"சரிக்கா," என்றான். எழுந்துகொண்டே, "காகிதத்தத் தின்ன வச்சே அனுப்பிட்டியே," என்று சிரிக்கப் பார்த்தான். காகிதத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "நல்லதாப் போச்சு," என்றாள். ஆனால் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் வேலை முடிந்து வந்தபோது அம்மா விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு மூடி போட்டபடி அப்படியே இருந்தது.

"இந்நேரம் வெளிய வந்திருப்பான்ல?" என்றாள்.

"வந்திருப்பான்மா."

"பட்டறைக்குத்தான் போயிருப்பான்."

"வேற எங்க போவான்?"

அம்மா பெருமூச்சு விட்டாள். ஊரைக் கூட்டித் திட்டுகிற வாய், இன்று ஒரு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் தவித்தது. பெற்ற வயிறு. அம்மாவைத் தேற்றத்தான் அவள் பர்ஸிலிருந்த இன்னொரு காகிதத்தை எடுத்தாள்.

"இதப் பாரும்மா. அவன் வாய்ல இது கசக்கவே இல்ல. எனக்குக் கசக்குது. உனக்கும் கசக்கும், வச்சுப் பாரு. நீயும் நானும் ஒரே நாக்கு. அவனுக்கு அப்பா நாக்கு. யாரு என்ன செய்ய முடியும் சொல்லு."

அம்மா வாயில் போட்டாள். அவள் ஒரு தம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் தயாராக நின்றாள். அம்மா மென்றாள். விழுங்கியே விட்டாள்.

"என்னடி இது, ஒண்ணுமே இல்ல?"

"நல்லா மென்னியாம்மா?"

"காகிதத்த மெல்லக்கூடவா தெரியாது எனக்கு?"

"வயசாயிடுச்சுல்ல, நாக்கு செத்துப் போயிருக்கும்."

"எனக்கு எந்தக் காலத்துலடி கசந்துச்சு?" அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆன புதுசுலேருந்து நான் கடுங்காப்பிதான். உங்கப்பாதான் அதப் பாத்தாலே அலறுவார். அந்த மனுஷனுக்கு ஊர்ல இருக்கறது எல்லாம் கசக்கும். காப்பில பாதி தம்ளர் சர்க்கரை போடணும். முட்டைக்கோஸ் வெந்தா வீட்டுக்குள்ள நிக்க மாட்டார். உன்ன மாதிரியேதான்."

உன்னை மாதிரியேதான். அம்மா அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"அப்புறம் அப்பா எப்படிக் குடிச்சார்?"

அம்மா முந்தானை நுனியை முறுக்கினாள்.

"கேக்கறேன்லம்மா."

"மூக்கப் புடிச்சுக்கிட்டுதான்," என்றாள் அம்மா மெதுவாக. "ஒரு கைல மூக்கு, ஒரு கைல கிளாஸ். கண்ல தண்ணி கொட்டும். உள்ள போனதும் வாய்ல ஒரு பிடி சர்க்கரைய அள்ளிப் போட்டுப்பார். மருந்து குடிக்கற மாதிரிதான் குடிப்பார்."

"எனக்குத் தெரியவே தெரியாதே."

"உனக்கு எங்க தெரியும்? அந்த நெடி வந்தாலே நீதான் வெளிய ஓடிடுவியே. சின்னவன்தான் பக்கத்துலயே உக்காந்திருப்பான்."

"அவ்வளவு கசப்பா இருந்தும் ஏன்மா குடிச்சார்?"

"கேட்டதில்லடி," என்றாள் அம்மா. "திட்டறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு."

கூடத்தில் நன்றாக இருட்டிவிட்டது. இருவரில் யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை. அப்பா நாக்கு அவளுக்கு வந்திருக்கிறது. அந்த நாக்கு எவ்வளவு துப்பச் சொல்லியும் அப்பா விழுங்கி விழுங்கிச் செத்தார். எந்தக் கசப்பும் தெரியாத அம்மா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அம்மாவின் நாக்கோடு பிறந்தவனைத்தான் இத்தனை வருஷம் அப்பன் பிள்ளை என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசித் தீர்த்திருக்கிறார்கள். கடைசியாக அவள் போய், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"போய்க் கூட்டிட்டு வாடி," என்றாள் அம்மா. "காலைல மொத வேலையாப் போ." அப்புறம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

காலையில் பட்டறைக்குப் போனாள். வாசலில் இரும்புச் சட்டங்கள் சாய்த்து வைத்திருந்தன. பட்டறைக்காரர் நல்ல மனுஷர்தான். அவளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"பின்னாடி ஷெட்ல இருக்கான்மா. நேத்து வந்தான். வந்ததும் ஒரு கேட் வேலை குடுத்தேன், அவ்வளவு சுத்தமா முடிச்சான். சாயங்காலம் பசங்க கூப்பிட்டப்போ வேணாம்னுதான் சொன்னான். என் காதால கேட்டேன். அப்புறம் என்ன நினைச்சானோ, அவனா எழுந்து போனான்."

ஷெட்டில் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். எதிரில் பலகையில் பாதி காலியான பாட்டில், ஒரு கிளாஸ். மூலையில் டீ போடுகிற அடுப்பும் சாமான்களும். நெடி அவள் தொண்டையில் கையை விட்டு நோண்டியது. வெளியே ஓடாமல் நின்றாள்.

அவன் அவளைப் பார்த்து, வலது கையை நீட்டிக் காட்டினான்.

"பாரு. இப்பவும் ஆடல. உள்ள போனா ஆடாது."

"எந்திரிடா. வீட்டுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"நான் சொன்னது தப்பு. அம்மாக்கும் அது கசக்கல. உன்னது அம்மா நாக்குடா. அப்பா நாக்கு எனக்குத்தான் வந்திருக்கு."

அவன் ஆச்சரியப்படுவான் என்று நினைத்தாள். அவன் கிளாஸின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமே," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாவே சொன்னாரே. அன்னிக்கு மூடில ஊத்திக் குடுத்தப்போ, நீ துப்பினதும் உன்னத் தூக்கி மடியில வச்சுகிட்டு, வாயக் கழுவி விட்டு, இது என் நாக்கு, என் நாக்குன்னு கொஞ்சினார். நீ அழுத அழுகைல உனக்குக் கேட்டிருக்காது." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு அது ருசியாவும் இல்ல, கசப்பாவும் இல்லக்கா. இன்னொரு மூடி குடிச்சாலாவது என்னையும் ஒரு தடவ தூக்க மாட்டாரான்னு இருந்துச்சு. அதுக்குத்தான் இன்னும் கொஞ்சம்னு கேட்டேன்."

அவள் இன்னும் ஓரடி கிட்டே போனாள்.

"இத ஏன்டா யாருக்கும் சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அவள் அவன் தோளைப் பிடித்தாள். அவன் தட்டிவிடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் நான் ஜெயிச்சிட்டு இருக்கேன்னு நினைச்சேன்க்கா," என்றான். "தினம் காலைல எழுந்ததும் கையப் பாப்பேன். ஆடலன்னா அன்னிக்கு நான் ஜெயிச்சேன். நீ வந்து, இது எப்பவோ முடிஞ்ச ஆட்டம்டா, உன் கைல இல்லன்னுட்ட. நேத்து பசங்க கூப்பிட்டப்போ வேணாம்னேன். அப்புறம் யோசிச்சேன். எப்படியும் இழுத்துட்டுப் போகப் போகுது. இன்னிக்குப் போனா என்ன, நாளைக்குப் போனா என்ன?"

"அதான் தப்புன்னு சொல்றேனே. அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லல. நான்தான் பாதி கேட்டுட்டு வந்து உளறிட்டேன். எந்திரிடா, அம்மா அழறாங்க."

"முந்தாநாள் ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. எத நம்பறது?" அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "வரேன்னே வச்சுக்கோ. யாரு நாக்கா இருந்தா என்ன, வேலி இல்லாத இந்த நாக்க எங்கக்கா கழட்டி வச்சிட்டு வர்றது?"

பாட்டிலை எடுத்து நிதானமாக ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் கிளாஸைத் தொடுவதற்குள் அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். தரையில் ஊற்றினால் அவன் இன்னொன்று ஊற்றுவான். அந்த நெடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முழுவதையும் வாய்க்குள் கவிழ்த்துக்கொண்டாள்.

வாய் பற்றி எரிந்தது. அந்தக் கசப்புக்குப் பெயர் இல்லை. நாக்கு துப்பு துப்பு என்று கத்தியது. இத்தனை வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டே வாழ்ந்தவள், இன்று கேட்கவில்லை. விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

கண்ணைத் திறந்தபோது தம்பி எழுந்து நின்றிருந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் பால் பற்கள் விழுந்த காலத்து முகமாக இருந்தது. மூலைக்குப் போய், டீ அடுப்புக்குப் பக்கத்திலிருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்தான். ஒரு பிடி அள்ளி வந்து, அவள் உள்ளங்கையை விரித்து அதில் கொட்டினான். ரொம்பப் பழகின வேலையைச் செய்கிற மாதிரி செய்தான்.

"சீக்கிரம் போட்டுக்கோ," என்றான். "அப்பாக்கு நான்தான் எடுத்துக் குடுப்பேன்."

அவள் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள். கசப்பு போகவில்லை. தம்பி திரும்பவும் டிரம்மின் மேல் உட்கார்ந்து, காலி கிளாஸை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தனக்கு ஊற்றிக்கொண்டான்.